முழுப் புத்தகம் கூடாது, ஒரு பாடம் ஆகலாம்

கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைக்கிற கூட்டாளிகளே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மெஷின் சத்தத்தில் பாதி கேட்காமல் போகும். நம் தொழிலில் தாள் சிக்கினால் உருவி எடுத்துவிடலாம், சட்டம் சிக்கினால் எந்த மூடியைத் திறப்பது என்றே தெரியாது.

பிரின்சிபால் வந்தார்

என் கடை காம்பவுண்டுக்குள்ளேயே, கேன்டீனை ஒட்டின ஒற்றை அறை. ஆசிரியர்கள் பாடத்துக்கான தாள்களை என்னிடம் கொடுத்து வைப்பார்கள்; பிள்ளைகள் வந்து அந்த ஆசிரியர் பெயரைச் சொன்னால் நகல் எடுத்துக் கொடுப்பேன். என் வீட்டு அடுப்பு எரிவது அதில்தான்.

ஒருநாள் பிரின்சிபால் வந்து, யாரோ பதிப்பகத்தார் புகார் சொன்னதாகச் சொன்னார். முழுப் புத்தகத்தை நகல் எடுக்கக் கூடாதாம். பாடம் நடத்தத் தேவையான பகுதி மட்டும் என்றால் எடுக்கலாமாம். "பகுதின்னா எம்புட்டு சார்?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது எனக்கும் தெளிவா இல்ல அண்ணாச்சி. இன்னொரு புகார் வந்தா அறையைப் பூட்டிருவேன், அது மட்டும் தெளிவு."

ஆளுக்கொரு பாடம்

மறுநாள் பொருளியல் பிள்ளைகள் வந்தார்கள். முதலில் வந்தவள் முதல் பாடம் கேட்டாள், எடுத்தேன். அடுத்தவள் இரண்டாவது. அதற்கடுத்தவன் மூன்றாவது. பார்த்தால் ஒரே புத்தகம்தான் கைமாறிக் கைமாறி வருகிறது! நாலாவதாகக் கடியப்பட்டணத்து ஷைனி நீட்டியதும் மெஷினை நிறுத்திவிட்டேன். "ஏட்டி, என்னைக் கிறுக்கனாக்குதியா? எல்லாத்தையும் சேத்தா முழுப் புத்தகம்லா?"

"சேக்கது எங்க ஹாஸ்டல்ல அண்ணாச்சி. ஒங்க கடையில ஒரு பாடந்தான்."

விளக்கம் கேட்கப் போனேன்

அவர்களுக்குப் பாடம் எடுக்கிற தங்கம் மேடம் கெட்டிக்காரி. நேரே அவரிடமே போனேன். "பாடம் நடத்த நகல் எடுக்கலாம்னு சட்டமே இடம் குடுக்கு. பயப்படாதீங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோசத்தில், பக்கத்துக் கல்லூரிப் பையன் ஒருவன் கொண்டுவந்த மேடத்தின் சொந்த நோட்ஸையும், அதுவும் பாடந்தானே என்று நகல் எடுத்துக் கொடுத்ததைச் சொல்லித் தொலைத்தேன். மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"அது நான் கண்ணு முழிச்சு எழுதுனது! அத நீங்க எப்பிடிக் குடுக்கலாம்?"

மேடம் கண்ட வழி

அதற்குப் பிறகு ஆதார் அட்டையைத் தவிர வேறு எதையும் மெஷினில் வைக்க எனக்குத் தைரியமில்லை. பரீட்சையோ நெருங்கிவிட்டது. லைப்ரரியில் இருப்பது ஒரே புத்தகம். மெஷின் போட்டால்தானே புகார் என்று, மேடம் தேவையான பாடத்தை வகுப்பில் நிறுத்தி நிறுத்தி வாசிக்க, பிள்ளைகள் கையால் எழுதினார்கள். நான் கடையில் ஈயோட்டினேன்.

பாடம் முடிந்ததும் வகுப்பு மொத்தமும் என் கடைக்கு வந்தது. கையில் ஷைனியின் நோட்டு. மற்றவர்களுக்கு வேகத்துக்கு எழுத வரவில்லையாம். முத்து முத்தான கையெழுத்து. ஆனால் இது இப்போது யாருடையது? புத்தகம் எழுதியவருடையதா, வாசித்த மேடத்துடையதா, கை வலிக்க எழுதிய ஷைனியுடையதா? பிரின்சிபாலின் பூட்டு கண்ணுக்குள் ஆடியது. "மக்களே, மேடத்தக் கூட்டியாருங்க. அவிய சொன்னா எடுக்கேன்" என்றேன். வரிசையின் கடைசியிலிருந்து பதில் வந்தது.

"நான் இங்கதான் நிக்கேன் அண்ணாச்சி. புத்தகத்த லைப்ரரியில திருப்பிக் குடுத்தாச்சு. எனக்கும் ஒரு செட் போடுங்க."

மேடமே வரிசையில் நிற்கும்போது இதுவும் பாடம் நடத்துகிறதில்தான் சேரும் என்று பட்டனை அமுக்கிவிட்டேன். அறைச் சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது, யாருடைய பாடத்தை எடுத்தேன் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.