சுவருக்கும் தலைக்கும் நடுவே

மதுரையில் நான் பயிற்சி நர்சாக இருந்த மனநல வார்டில் ஒரு ஆயாம்மா இருந்தார். அவருடைய வலது கை எப்போதும் வீங்கியிருக்கும். பேச்சே இல்லாத ஓர் ஆட்டிச இளைஞன் சுவரில் தலையை முட்டும்போதெல்லாம், நடுவில் தன் உள்ளங்கையை வைத்துவிடுவார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். "கண்டுக்காம விட்டாத்தான் இந்தப் பழக்கம் நிக்கும், ஆயாம்மா" என்று பாடத்தைச் சொன்னேன்.

"பழக்கம் இல்ல தாயி. சோத்துத் தட்டுச் சத்தம் அவனுக்குத் தாங்கல. மெதுவா வைக்கச் சொல்லுங்க, அம்புட்டுத்தான்."

எனக்கே பாடமா என்று டாக்டரிடம் புகார் சொன்னேன். ஆயாம்மாவை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

மறுநாள் மதியம் தட்டுகள் சத்தமாக விழுந்தன. நான் பாடத்தில் சொன்னபடி தள்ளி நின்றேன். அவன் உடனே முட்டவில்லை. சுவருக்கு முன்னால் தலையைச் சாய்த்து, அந்தக் கை வருவதற்காகச் சற்று நேரம் காத்திருந்தான்.