அண்ணனுக்கு ஏன் பழைய சோறு?

அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருஷம். வந்திருக்கும் சொந்தங்களுக்கும், அவரோடு வேலை செய்தவர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவள். இந்த நினைவு மலருக்காக நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். சொந்தக்காரர் யார் மனமாவது நோகுமே என்று எதையாவது விட்டுவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகம்.

அண்ணன் ஆம்பூர் பக்கத்தில் பிறந்து, கைக்குழந்தையாக ஜீவனஹள்ளிக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்தவள். அப்பாவுக்குக் கட்டட வேலை. காலையில் எங்களுக்குப் பழைய சோறும் உப்பும்தான். எதிர்வீட்டில் தோசை வாசனை வந்தால் அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார். அண்ணன் அடுகோடியில் லேத் பட்டறையில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய அன்று சொன்னார்: "இனிமே நம்ம வூட்ல பழையது கிடையாதும்மா. காலையில சூடா எதனா பண்ணு." அந்தப் பேச்சைக் கடைசி வரை காப்பாற்றினார். அந்த ரோஷம் எனக்கும் உண்டு.

என்னைக் கட்டிக்கொடுத்தார், பொம்மனஹள்ளியில் வீடு கட்டினார். அண்ணி போன பிறகு மகனோடும் மருமகள் கலாவதியோடும் இருந்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். சளி போயிற்று, ஆனால் வீட்டுக்கு வந்தும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டார்.

வாரம் இரண்டு முறை பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்பேன். நான் கதவைத் தட்டினால் உள்ளே ஏதோ பாத்திரத்தை எடுத்து மறைக்கிற சத்தம் கேட்கும். ஒருநாள் சொல்லாமல் விடிந்ததும் போய், பக்கவாசல் வழியாக நுழைந்தேன். அண்ணன் மண்சட்டியில் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கலாவதி மோர் ஊற்றுகிறாள்.

"இன்னாம்மா இது?"

"ஒண்ணுமில்ல அத்தே... மாமாவுக்கு..." என்று அவர் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கண்ணன் காலமெல்லாம் ஒழைச்சது இதைத் துன்றதுக்கா? உங்கப்பனுக்குப் போடுவியா நீ?"

அவள் வாயைத் திறக்கவில்லை. குற்றமுள்ளவள், அதனால்தான் பேசவில்லை என்று நினைத்தேன். சட்டியைப் பிடுங்கி சிங்க்கில் கொட்டினேன். முனை ஓட்டலில் பூரியும் தொட்டுக்கொள்ள சாகும் வாங்கி வந்து, பக்கத்தில் நின்று ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தேன். அன்றைக்கே எல்லாருக்கும் போன் போட்டு, கலாவதி அண்ணனுக்குப் பழையதைப் போடுகிறாள் என்று சொன்னேன். இந்த மலரை வைத்திருக்கிற பலருக்கும் அந்தப் போன் வந்திருக்கும்.

நாலு நாள் அண்ணனுக்கு மறுபடியும் வயிறு பிடுங்கிக்கொண்டது. பூரிதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஐந்தாம் நாள் அண்ணனே கூப்பிட்டனுப்பினார்.

"பாப்பா, டாக்டரம்மா சொல்லித்தான் சாப்பிட்டேன். உனக்குத் தெரியக்கூடாதுன்னு கலாகிட்ட சத்தியம் வாங்கினதே நான்தான்."

"ஏண்ணா?"

"வேணாம்னு சொன்ன வாயாலயே துன்றேனே. நீ பேசியே கொன்னுடுவ. இதை யார்கிட்டயும் சொல்லாத."

நான் நம்பவில்லை. கலாவதி சொல்லிக்கொடுத்துப் பேச வைத்திருக்கிறாள் என்றே நினைத்தேன். அடுத்த தடவை டாக்டரிடம் நானும் கூடவே போனேன்.

"கெட்ட கிருமிக்குக் குடுத்த மருந்துல வயித்துல இருந்த நல்ல கிருமியும் செத்துப்போச்சும்மா. தயிர், மோர், பழைய சோத்துத் தண்ணி, இதுல எல்லாம் நல்ல கிருமி உயிரோட இருக்கும். அது போய்ச் சேர்ந்தா வயிறு தேற வாய்ப்பிருக்கு" என்றார்.

"எல்லாருக்கும் இதுதானா, எங்களை மாதிரி ஆளுங்களுக்கு மட்டுமா?"

"எங்க வீட்லயும் இதுதாம்மா."

அதையும் நான் நம்பவில்லை. இரண்டு வாரம் அங்கேயே தங்கிக் கலாவதியைக் கவனித்தேன். சட்டியைக் கொதிக்கிற தண்ணீரில் அலசுவாள். காய்ச்சி ஆறிய தண்ணீரைத்தான் சோற்றில் ஊற்றுவாள். மோரைச் சூடு பண்ணமாட்டாள், சூட்டில் கிருமி செத்துவிடுமாம். காலையில் மீந்ததை மதியத்துக்கு வைக்கமாட்டாள். தினமும் மோந்து பார்த்தேன், ஒரு குறை கிடைக்கவில்லை. அண்ணன் மகன், வயிற்றுக்கு நல்லது என்று கடையிலிருந்து நல்ல கிருமி போட்ட பானம் குட்டிக் குட்டி பாட்டிலில் வாங்கி வந்தான். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், பாயசம் மாதிரி இனித்தது. அதை வேண்டாம் என்றேன். கண்ணுக்குத் தெரியாத கிருமி விஷயத்தில் இன்றைக்கும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆனால் அண்ணனுக்கு வயிற்றுப்போக்கு நின்றதையும், என்னை வழியனுப்ப பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்ததையும் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நன்றாகவே இருந்தார். ஒருநாள் பகலில் மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கருமாதிப் பந்தியில் நம் சொந்தத்தில் ஒருத்தி, "பழையது போட்டே அனுப்பிச்சிட்டா மகராசி" என்றாள். கலாவதி ரச வாளியோடு அங்கேயே நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன். அண்ணன் யாரிடமும் சொல்லாதே என்றார், அதனால்தான் பேசவில்லை என்று இந்த ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் சொன்னது தப்பு என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணனைப் பார்த்த டாக்டரம்மாவுக்கும், ஆட்டோ ஓட்டி வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், தூக்க வந்த பட்டறை ஆட்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பழிச்சொல் கேட்டும் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றிய கலாவதிக்குத் தனியாக நன்றி. அந்தப் பேச்சு என் வாயிலிருந்து புறப்பட்டது. அன்றைக்கு நான் சொன்னதை நம்பியவர்கள் இதையும் நம்ப வேண்டும்.

இன்றைக்கு முதல் பந்தியில் கலாவதி என் பக்கத்தில் உட்காருவாள். பரிமாற வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.