தானே

அந்த வரியில் ஒரு 'தானே' இருந்தது. வெட்டினார். அடுத்த பத்தியில் இன்னொன்று. அதுவும் போயிற்று. ஆராய்ச்சியாளர்களுக்குக் கணினி நிரல் எழுதச் சொல்லித்தரும் பயிலரங்கின் பாடங்கள் இணையத்தில் பொதுவில் கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம், திருத்தியும் அனுப்பலாம். வந்து சேரும் திருத்தங்களைப் பார்த்துச் சேர்ப்பவர் இந்தப் புள்ளியியல்காரர். 'இது எளிதுதானே', 'இதை அழுத்த வேண்டியதுதானே' என்று யார் எழுதி அனுப்பினாலும் ஈவிரக்கமில்லாமல் கத்தரி போடுவார். அலுவலகத்தில் 'தானே மேடம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். "சாவி உங்கிட்டதானே இருக்கு?" என்று கணவர் வாய் தவறிக் கேட்டால் மகள் முந்திக்கொள்வாள். "அப்பா, அந்த வார்த்தைக்கு நம்ம வீட்ல தடை."

வகுப்பில் ஆள் வேறு. செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு வரிசை வரிசையாக நடந்துகொண்டே இருப்பார். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஒட்டுத்தாள். முடித்தவர் பச்சையை மடிக்கணினியின் முதுகில் ஒட்ட வேண்டும், மாட்டிக்கொண்டவர் சிவப்பை. சிவப்பைக் கண்ட மாத்திரத்தில் அங்கே போய் நிற்பார். தண்ணீர் பாட்டிலை எங்கே வைத்தோம் என்பது மட்டும் ஒருநாளும் நினைவிருக்காது.

நான்காம் பாடத்தில் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று திரை சொல்லும். அறையே சிவந்துபோகும். அப்போது நிதானமாகச் சொல்வார்: "கோப்பு ஒரு ரூம்ல இருக்கு. நீங்க வேற ரூம்ல நின்னு கூப்பிடுறீங்க. முதல்ல எந்த ரூம்ல நிக்கிறோம்னு பாருங்க." சிரிப்பு எழும். சிவப்புத் தாள்கள் ஒவ்வொன்றாக இறங்கும்.

"எப்படி மேடம் இப்படித் தோணுச்சு?"

"எனக்குத் தோணலை. ஒருத்தங்க எழுதி அனுப்புனாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

அதற்கு மேல் சொல்ல மாட்டார். அனுப்பியவர் மண்புழு ஆராய்கிற ஒரு பெண்மணி. ஆறு வருடங்களுக்கு முன் கடைசி வரிசையில் சிவப்புத் தாளை ஒட்டிவிட்டு நெடுநேரம் காத்திருந்தவர். தான் தடுக்கி விழுந்த இடத்தை அடுத்தவராவது தாண்டட்டும் என்று, அந்த ரூம் உதாரணத்தை ஒரு பத்தியாக எழுதி அனுப்பியிருந்தார். அவர் அனுப்பிய முதல் திருத்தம் அது. புள்ளியியல்காரர் ஓடுகிற பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, 'இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று ஒரு வரி பதில் போட்டு, பாடத்தில் சேர்க்காமலே மூடிவிட்டார். மனதில் கெடுதல் ஒன்றும் இல்லை, அவசரம். 

வகுப்புக்கு வகுப்பு எல்லாரும் அதே இடத்தில் விழுவதை இரண்டு வருடம் பார்த்தபின், அந்தப் பத்தியைத் தேடி எடுத்துச் சேர்த்தார். பங்களித்தவர்கள் பட்டியலில் பெயர் போட அனுமதி கேட்டு, மன்னிப்பும் கேட்டு எழுதினார். பதில் இல்லை. போன மாதம் யார் யாரையோ பிடித்து அவருடைய போன் எண்ணை வாங்கிப் பேசியேவிட்டார்.

"அட, அதையா இன்னும் நினைச்சிட்டிருக்கீங்க? விடுங்க மேடம். நமக்கு இது வராதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. புழுக்கணக்கு எல்லாம் இப்பவும் நோட்டுலதான். கையாலயே கூட்டிக்கிறேன்."

"பேராவது போடட்டுங்களா?"

"எம்பேரு எதுக்குங்க அங்க? தெரிஞ்சவங்க பேரு இருக்கட்டும்."

குத்திக்காட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்த அம்மாள் மனதாரத்தான் சொன்னார்.

நேற்றைய வகுப்பில், பறவைகளை ஆராய்கிற ஒருவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "மேடம், நாலாவது பாடத்துல ஒரு வரி குழப்புது. சின்ன விஷயம்தானே, விட்டுடலாம்."

அவர் சொன்ன 'தானே'வை யாரும் வெட்டவில்லை. புள்ளியியல்காரர் வகுப்பை நிறுத்திவிட்டு, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரைத் தன் கணினி முன் உட்காரவைத்தார்.

"எப்படி இருந்தா புரியும்னு நீங்களே எழுதுங்க. உங்க பேர்லயே சேர்த்துடலாம்."

அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டத் தொடங்கினார். பக்கத்தில் நின்றிருந்த புள்ளியியல்காரர், மேசைமேல் மிச்சமிருந்த சிவப்புத் தாள் ஒன்றை எடுத்தார். தன் கணினியின் முதுகில் ஒட்டி, ஓரம் கிளம்பாமல் இருக்கக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துவிட்டார்.