கடனுக்குப் பத்துப் பிள்ளைகள்

தமிழா மலையாளமா என்று எல்லைப் போராட்டம் நடந்த காலத்தில் பாறசாலைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் மலையாள வகுப்புக்கு நான் டீச்சர். ஓலைத் தட்டிக்கு அந்தப்பக்கம் தமிழ் வகுப்பு. அங்கே கணக்கு எடுத்தவர் கொக்குமாதிரி நெட்டை. காதில் பீடிபோலச் சாக்பீஸ் செருகியிருப்பார். கழித்தலைப் பலகையில் எழுதவே மாட்டார். பிள்ளைகளையே ஒன்றுகளாகவும் பத்துகளாகவும் நிறுத்தி, பக்கத்து வரிசையில் கடன் வாங்கிவரத் துரத்துவார். ஒரே கும்மாளம்.

ஒருநாள் தட்டிக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"டீச்சரே, இன்ஸ்பெக்டர் வாறாரு. முப்பது பிள்ள இல்லேன்னா தமிழ் கிளாஸ பூட்டிப் போடுவாராம். இங்க இருபத்தொண்ணுதான் உண்டு. ஒரு பத்து கடம் தாருங்க."

"எனக்க கிளாஸயும் எண்ணுவாரே, சாரே?"

"அதுக்குள்ள திருப்பித் தருவேன்."

தட்டியைத் தூக்கிப் பிடித்தேன். பத்துப் பேர் குனிந்து ஓடினார்கள். இன்ஸ்பெக்டர் அங்கே எண்ணி முடித்து, முற்றம் சுற்றி என் வாசலுக்கு வருவதற்குள் தட்டி மறுபடி உயர்ந்தது. வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே பிள்ளைகள் வந்து விழுந்தார்கள். அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அவர் போனபின் எண்ணிப் பார்த்தேன். தமிழ் வகுப்பின் ஓட்டைப்பல்காரி ஒருத்தி என் முன்பெஞ்சில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"சாரே, நான் தந்தது பத்து. பதினொண்ணு வந்திருக்கே?"

காதிலிருந்த சாக்பீஸைத் தடவிக்கொண்டார். "வட்டியாக்கும், டீச்சரே."

கணக்கு வாத்தியார் தப்பாக எண்ணினாரா, வேண்டுமென்றே அனுப்பினாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. மிச்சமிருந்த இருபது பேரை வைத்துக்கொண்டு தட்டிக்கு அந்தப்பக்கம் அவர் கிளப்பிய கூச்சல் மட்டும், முப்பது பேருக்குக் குறையவில்லை.