கடைக்குட்டிக்காக நின்றவை

அலுவலகத்திலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு ஏறும் மேட்டுத் தெருவில், என்னோடு வேலைபார்க்கும் அக்கா மூன்று இடங்களில் நிற்பார். முதலில் செருப்புக் கடை, அடுத்து பூட்டுக் கடை, கடைசியில் எப்போதோ மூடிப்போன புகைப்பட நிலையம். எதையும் வாங்க மாட்டார். பையைத் தோள் மாற்றிக்கொண்டு, கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் பொருளுக்கும் தன் முகத்துக்கும் நடுவில் எங்கோ பார்த்தபடி நிற்பார். பின்னால் ஏறிவரும் கணவரின் உருவம் கண்ணாடியின் ஓரத்தில் நுழைந்ததும் கிளம்பிவிடுவார். திரும்பிப் பார்ப்பதில்லை.

கணவர் தையல்காரர். பக்கவாதத்தில் இடது கால் தளர்ந்தபின் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, அக்காவைக் கூட்டிப்போக அலுவலக வாசலில் வந்து நிற்பார். யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். அவரைக் கேட்டால், உங்கள் அக்காவுக்கு வழி தெரியாது என்பார்.

நான் இருவருக்கும் பின்னால் நடப்பேன். முந்திப்போகக் கூச்சம்.

அக்காவின் வேலை, வயதாகிப்போன மூன்று செயற்கைக்கோள்களை வரிசை கலையாமல் பறக்கவைப்பது. முதலாவது ஒரு மேகத்தைப் படமெடுக்கும். இரண்டாவது அதே மேகத்துக்குள் எவ்வளவு மழை என்று பார்க்கும். மூன்றாவது, அதைச் சுற்றி மிதக்கும் தூசியை. மேகம் கலைவதற்குள் மூன்றும் அதைக் கடந்தாக வேண்டும். கடைசியில் வருவதற்கு அக்கா வைத்த பெயர் கடைக்குட்டி.

திரையில் அவை மூன்று பச்சைப் புள்ளிகள். அவற்றின் கீழே கடல் நகரும், பிறகு மணல், பிறகு யார் யாரோ தூங்கிக்கொண்டிருக்கும் ஊர்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் உடம்பின் எடை கழன்று நாற்காலியில் வெறும் சட்டை மட்டும் மிஞ்சியதுபோல் இருக்கும். யாராவது தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம்தான் என்னைக் கீழே இறக்கும்.

அந்த வருடம் கடைக்குட்டி பின்தங்கத் தொடங்கியது. அதன் சூரியத் தகடு ஒருபக்கமாகச் சிக்கிக்கொண்டதால், அந்த உயரத்தின் மெல்லிய காற்று அதை மற்ற இரண்டைப்போல் கீழே இழுக்கவில்லை; தாழ்ந்துபோன அவை வேகமெடுத்து முன்னே ஓடின. மிச்சமிருந்த எரிபொருள், என்றாவது அதைக் கீழே இறக்கி எரிப்பதற்கென்று ஒதுக்கியது; தொடக்கூடாது. இடைவெளி நாளுக்கு நாள் நீண்டது. இப்படியே போனால் முன்னவை பார்க்கிற மேகம் வேறு, அது பார்க்கிற மேகம் வேறு. அப்புறம் எரிப்பதுதான் பாக்கி. இறக்கிவிடலாம் என்றார் மேலாளர்.

அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே இரண்டு நாள் கணக்குப் போட்டார். முன்னால் போகிற இரண்டையும் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும் என்றார். உயரம் கூடினால் வேகம் குறையும். கடைக்குட்டி தன் போக்கில் வந்து சேர்ந்துகொள்ளும். மேட்டில் ஏறினால் மெதுவாவது அங்கேயும் உண்டு போலிருக்கிறது.

மேலாளர் கெட்டவர் அல்ல. அந்த இரண்டிலும் எரிபொருள் அடிமட்டத்தில் இருந்தது.

"நல்லா ஓடுற ரெண்டையும் எதுக்கும்மா பட்டினி போடணும்?"

"அதால வர முடியல சார். இதுங்களால நிக்க முடியும். அவ்வளவுதான்."

அவர் எரிபொருள் கணக்கை இன்னொரு முறை சரிபார்த்தார். பிறகு, ஒரே தடவைதான் என்றார்.

கட்டளை போனது. முதல் சில சுற்றுகளில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா விரல்களை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தார். மறுநாள் இடைவெளி நீள்வது நின்றது. அடுத்த வாரம், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல, மெல்லச் சுருங்கியது. யாரும் கைதட்டவில்லை. மேலாளர் எல்லோருக்கும் தேநீர் சொன்னார், சர்க்கரை தூக்கலாக. அன்று மாலை புகைப்பட நிலையத்தின் முன்னால் அக்கா வழக்கத்தைவிடக் கூடுதலாக நின்றார்.

மறுவருடம் அக்காவுக்கு இதய அறுவை சிகிச்சை. பார்க்கப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். கணவர் எனக்குத் தேநீர் வாங்கக் கீழே போனார். படிக்கட்டை எட்டிப் பார்த்தேன், பிளாஸ்கோடு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிவந்தார். நான் அவர் காலையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"காலு சரியாகி ரொம்ப நாளாச்சு தம்பி," என்றார், கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி. "மேடு ஏறினா அவளுக்குத்தான் மூச்சு வாங்கும். நில்லுன்னா நிப்பாளா? நான் பின்னால தங்கினாத்தான் நிப்பா."