கவுன்ட்டரில் கேட்ட ஹலோக்கள்

லாட்ஜ் ரிசப்ஷனில் உட்காருகிறவளுக்குச் சம்பளம் மாசத்துக்கு ஒருமுறை, 'ஹலோ' நிமிஷத்துக்கு ஒருமுறை. துணிக்கடையோ ஆஸ்பத்திரியோ, கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிற உங்களுக்கு என் எரிச்சல் புரியும்.

பேர் எதுக்கு?

பௌர்ணமிக் கூட்டம் திருவண்ணாமலையில் வந்து இறங்கிய காலை. ஒரு குடும்பத்தின் ஆதார் கார்டுகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். வரிசையைத் தாண்டி வந்த ஒருவர் கார் சாவியால் மேஜையைத் தட்டி, "ஹலோ! ஹலோ!" என்றார். நெஞ்சில் குத்தியிருந்த பெயர் பேட்ஜைக் காட்டினேன். "கலைவாணின்னு கூப்பிடுங்க சார். இல்லன்னா ஏம்மான்னாவது கூப்பிடுங்க." அவர் அதைப் படிக்கக்கூட இல்லை.

"உன் பேர் தெரிஞ்சி நான் என்னா பண்ணப் போறேன்? சுடுதண்ணி வருமா, அதைச் சொல்லு."

நாயும் படகும்

அன்று மத்தியானம் அறையைக் காலி செய்ய வந்தவர், ரிட்டயரான ஆங்கில வாத்தியார். அவரிடம் பொருமித் தீர்த்தேன். "ஹலோன்னா வணக்கம்தானே சார்? அப்புறம் ஏன் திட்டுற மாதிரியே இருக்குது?"

"முதல்ல அது வணக்கமே கிடையாதும்மா. அக்கரையில இருக்கிற படகுக்காரனைக் கூப்பிட, வேட்டை நாயை உசுப்பிவிடன்னு கத்துன சத்தம். டெலிபோன் வந்தப்புறம் போனை எடுத்ததும் அதையே சொன்னாங்க. அப்படியே வணக்கமாயிடுச்சு" என்றார்.

எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தியானது. அறைகளைச் சுத்தம் செய்கிற ஷமீம் அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ காலையில வந்த ஆளு கரெக்டாத்தான் சொல்லியிருக்கான். நமக்குத்தான் அர்த்தம் தெரியல."

இருநூற்று மூன்றாம் அறை

போன வாரம் ஒரு காலை, இருநூற்று மூன்றிலிருந்து போன். "ஹலோ..." என்று சன்னமாக ஒரு பெண் குரல். "சொல்லுங்கம்மா" என்றேன். மறுபடியும் "ஹலோ...", பிறகு சத்தமே இல்லை. "டிவி ரிமோட் கேப்பாங்க. கவுன்ட்டரை விட்டு நகராத" என்றார் மேனேஜர்.

ஆனால் அந்தம்மாவின் கணவர் கோயிலுக்குக் கிளம்பும்போது, "அவளுக்கு சுகர் இருக்குது, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கதவைத் திறந்தால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே வேர்த்து விழுந்து கிடந்தார், கையில் ரிசீவர். கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. பின்னாலேயே ஓடிவந்த ஷமீம் அக்கா, "சுகர் ரொம்ப இறங்கிடுச்சு" என்று தலையைத் தூக்கிப் பிடித்துச் சர்க்கரைத் தண்ணீரை மெதுவாகக் குடிக்கவைத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டார்.

கீழே இறங்கி வந்தேன். மேனேஜர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"நீ பாட்டுக்கு மேல போயிட்ட. இங்க ரெண்டு பார்ட்டி ஹலோ ஹலோன்னு கத்திட்டு எதிர் லாட்ஜுக்குப் போயிட்டாங்க, தெரியுமா?"

இத்தனை வருஷத்தில் என் காதில் விழுந்த ஹலோக்களில் ஓடிப்போய் நின்றே ஆகவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், எனக்கு மெமோ கொடுத்ததும் அந்த ஒன்றுக்குத்தான்.