மாலை போட வேண்டிய படம்

இனிமேல் கீமோ கொடுத்துப் பயனில்லை என்று மருத்துவர் சொன்ன மறுவாரம், பங்கோர் தீவுக்குப் போக வேண்டும் என்றாள் என் தங்கை. அங்கிருக்கும் டச்சுக்காரர் கோட்டையில் நான் அவளைப் படம் எடுக்க வேண்டுமாம்.

"அங்க எதுக்கு?" என்றேன்.

"தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனப்ப எனக்கு அம்மை போட்டிருந்துச்சு. நீ மட்டும் போயிட்டு வந்து ஒரு மாசம் அதையே பேசுன லா."

அவள் கணவருக்கு அன்று வேலை. குனோங் ராபாட்டில் இருந்த அவள் வீட்டிலிருந்து நான்தான் கார் ஓட்டினேன். லுமுட்டில் ஃபெரி ஏறியதும் என் தோளில் சாய்ந்துகொண்டாள். சாய்ந்தது தெரியவே இல்லை, அவ்வளவு இளைத்திருந்தாள்.

கோட்டை சின்னதுதான். கூரையில்லாத செங்கல் சுவர்கள், நடுவில் புல்தரை. சுவரோரம் உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்தாள். முடியில்லாத தலையில் வெயில் விழுந்தது.

"கட்டிக்க. வெயிலா இருக்கு."

"வேணாக்கா. இப்படியே எடு. இல்லனா ஐசில, அடையாள அட்டையில இருக்கற படத்தப் பெருசாக்கி மாலை போட்டுருவாங்க. அதுல நான் திருடி மாதிரி இருக்கேன்."

எதற்காக அழைத்து வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதலில் எடுத்ததெல்லாம் கலங்கலாகவே விழுந்தது.

"நீ அழுதா என் மூஞ்சிதான் கோணலா வரும்," என்றவள், சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். அந்தப் படம் நன்றாக வந்தது.

ஏழு வாரத்தில் போய்விட்டாள். காரியத்துக்கு முதல் நாள் ஈப்போவில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு எடுத்துப் போனேன். ஹாலில் ஐசி படத்துக்கு ஏற்கெனவே மாலை போட்டிருந்தார்கள்.

அவள் கணவர் நான் கொண்டுபோனதை இரண்டு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அவ ஆசைப்பட்டுக் கேட்டது," என்றேன்.

"தெரியும்க்கா. என்கிட்டயும் சொன்னா. ஆனா இந்தத் தலைய நான்தான் தினம் தொடச்சு விட்டேன். இத தினமும் பாக்கச் சொல்லாதீங்க."

மறுத்தால் சண்டை போடும் எண்ணத்தில்தான் போயிருந்தேன். ஆனால் அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டேன். படத்தைத் திரும்பக் கொண்டுவந்து என் வீட்டு அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் எல்லாரும் ஐசி படத்துக்குக் கற்பூரம் காட்டினார்கள். என் முறை வந்தபோது நானும் காட்டினேன். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.